நமது விருப்பங்களும் தந்தையின் திருவுளமும்



ஆண்டவர் இயேசு தம் சீடருக்குக் கற்பித்த செபத்தை நாம் நாள்தோறும் பலமுறை சொல்லி வருகின்றோம். காலையில் கண்விழித்ததும், திருப்பலியில் நற்கருணை உட்கொள்வதற்கு முன்னரும், மாலையில் குடும்பமாக முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லும்பொழுதும் அச்செபம் நம் நாவில் எழுகின்றது. அன்றாட உணவைக் கேட்பதற்கு முன்பாகவே, தந்தையாகிய இறைவனின் திருவுளம் இவ்வுலகில் நடந்தேற வேண்டும் என்று அதிலே மன்றாடுகின்றோம். செபமாலை முடிந்தவுடன் நமது சொந்த விண்ணப்பங்கள் தொடங்குகின்றன. மகனுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவேண்டும், மகளுக்கு நல்ல வரன் அமையவேண்டும், வெளிநாட்டு விசா கைகூடவேண்டும், காணி வழக்கு நமக்குச் சார்பாக முடியவேண்டும், நோய் தீரவேண்டும் என்று அந்தப் பட்டியல் நீளுகின்றது. முதலில் கேட்டதும் பின்னர் கேட்டதும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றோம்?

இவ்விடயத்தில் நம் மத்தியில் இருவகையான தவறான எண்ணங்கள் நிலவுகின்றன. ஆசை என்பதே பாவம், நல்ல கிறிஸ்தவன் எதையும் விரும்பக்கூடாது, வருவதையெல்லாம் வாய்மூடி ஏற்பதே பக்தி என்பது ஒன்று. நாம் விரும்புவதைப் பெற்றுத் தருவதற்காகவே கடவுள் இருக்கின்றார், போதிய அளவு நவநாளும் மெழுகுதிரியும் நேர்த்தியும் இருந்தால் அவர் இணங்கிவிடுவார் என்பது மற்றையது. இவ்விரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும், இரண்டிலும் இறைவன் நம் தந்தையாக இல்லை. முதலாவதில் அவர் இரக்கமற்ற அதிகாரியாகவும், இரண்டாவதில் கையூட்டுக்கு இணங்கும் அதிகாரியாகவும் ஆகிவிடுகின்றார்.

நற்செய்தி காட்டும் வழி வேறானது. மாற்கு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தை ஒருமுறை பொறுமையாக வாசித்துப் பாருங்கள். அந்த ஒரே அதிகாரத்தில் இயேசு ஒரே கேள்வியை இருமுறை கேட்கின்றார். தமக்கு ஒன்று செய்ய வேண்டும் என்று வந்த செபதேயுவின் மக்களான யாக்கோபையும் யோவானையும் பார்த்து, நான் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகிறீர்கள் என வினவுகின்றார். எரிகோ நகரை விட்டு வெளியேறும்பொழுது வழியோரத்திலிருந்து கூவியழைத்த பார்வையற்ற பர்த்திமேயுவிடமும் அதே கேள்வியையே கேட்கின்றார். மனித விருப்பம் இறைவனுக்கு ஏற்பில்லாத ஒன்றாயின் இறைமகன் இவ்வாறு கேட்டிருப்பாரா? நம் உள்ளத்து விருப்பத்தை வாய்திறந்து சொல்லுமாறு அவரே நம்மை அழைக்கின்றார்.

கேள்வி ஒன்றாயினும் கிடைத்த விடைகள் வெவ்வேறு. பர்த்திமேயு பார்வையைக் கேட்டான், பெற்றுக்கொண்டான், பெற்ற பார்வையோடு இயேசுவைப் பின்தொடர்ந்து, எருசலேமை நோக்கிய அந்த வழியிலே நடந்தான். சகோதரர் இருவரோ இயேசுவின் அரியணைக்கு வலப்புறமும் இடப்புறமுமான இடங்களைக் கேட்டனர். தாங்கள் கேட்பது இன்னதென்று அவர்களுக்கே தெரியவில்லை என்று ஆண்டவர் உணர்த்தினார். ஆயினும் அவர்களை அவர் விரட்டிவிடவில்லை. தாம் பருகவிருக்கும் துன்பக் கிண்ணத்தைப் பற்றிப் பேசி, அந்த ஆசையை வேறொரு திசைக்குத் திருப்பிவிட்டார். பிற்காலத்தில் யாக்கோபு ஏரோது அரசனின் வாளுக்கு இரையாகி, திருத்தூதர்களுள் முதலாவதாக மறைசாட்சியானார் (திப 12:2). மேன்மைக்கு ஆசைப்பட்டவருக்கு அவர் எண்ணிப் பாராத மேன்மை கிடைத்தது.

இதே நிகழ்வைக் கூறும் மத்தேயு, நமது குடும்பங்களுக்கு மிக நெருக்கமான ஒருவரை அங்கே நிறுத்துகின்றார். அவருடைய நற்செய்தியில் அந்த வேண்டுகோளை முன்வைப்பவர் அவ்விருவரின் தாய் (மத் 20:20-21). தன் மக்கள் இருவரும் உயர்ந்த இடத்தில் அமரவேண்டும் என்பது அவளது ஆசை. அவளைக் குறைகூற நம்மில் யாருக்குத் துணிவு உண்டு? அவள் ஊரை ஏமாற்றவில்லை; தனக்கென்று எதுவும் கேட்கவில்லை; பிள்ளைகளுக்காகவே கேட்டாள். நம் வீடுகளில் எழும் மன்றாட்டுக்களும் பெரும்பாலும் இத்தகையனவே.

ஆனால் பிள்ளைகளுக்காகக் கேட்கப்படும் யாவும் பிள்ளைகளின் நன்மைக்கானவை ஆகிவிடா. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து தகுதி பெற்றவர்களிலும் ஒரு பகுதியினருக்கே நம் நாட்டின் அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. மருத்துவ பீடத்தின் ஒரே இடத்திற்காக இரண்டு கத்தோலிக்க வீடுகளில் ஒரேவேளையில் மெழுகுதிரி எரியலாம். இரு வீட்டாருக்கும் தந்தை ஒருவரே அல்லவா? ஒரு வீட்டின் மகிழ்ச்சியை இறைசித்தம் என்றும், மற்ற வீட்டின் ஏமாற்றத்தை விசுவாசக் குறைவு என்றும் சொல்வோமாயின் அந்தத் தந்தையை நாம் அறியவில்லை என்றே பொருள்.

இதைவிட ஆபத்தானது வேறொன்று உண்டு. பெற்றோரின் விருப்பத்திற்குக் கடவுளின் பெயரைச் சூட்டுவதே அது. உயிரியல் பிரிவில் கற்க மனமில்லாத பிள்ளையிடம், ஆண்டவர் உன்னை வைத்தியராகவே பார்க்க விரும்புகின்றார் என்று கூறுகின்றோம். ஊரிலே தொழில் செய்து வாழ விரும்பும் இளைஞனிடம், வெளிநாட்டுக்கு வழி திறந்தது கடவுளின் செயல் என்று சொல்லி, காணியை ஈடுவைத்து முகவரிடம் பணத்தைக் கொடுக்கின்றோம். அயல்வீட்டுப் பிள்ளை குருமடம் செல்லும்பொழுது பெருமைப்படும் நாம், நம் பிள்ளை அதே விருப்பத்தைச் சொன்னால் அது வெறும் உணர்ச்சிவேகம் என்று தடுக்கின்றோம். மாறாக, உன்னை நான் கடவுளுக்கு நேர்ந்துவிட்டேன் என்று கூறி, அழைத்தலை உணராத பிள்ளையைக் குருமடத்திற்கு அனுப்பிவைக்கும் பெற்றோரும் உளர். பெற்றோரின் விருப்பத்தோடு மட்டும் முரண்படும் பிள்ளைக்குப் பேசித் தீர்க்க வழியுண்டு. கடவுளே தனக்கு எதிராக நிற்கின்றார் என்று நம்பவைக்கப்பட்ட பிள்ளைக்கோ போக்கிடம் இல்லை. வீட்டிலும் அதற்கு இடமில்லை, கோவிலிலும் இடமில்லை. இத்தகைய பாரத்தை ஓர் இளம் உள்ளத்தின்மீது சுமத்துவதற்கு நமக்கு உரிமையில்லை.

செபதேயுவின் மக்களின் தாயை மத்தேயு இன்னுமோர் இடத்தில் நமக்குக் காட்டுகின்றார். கல்வாரியில் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களுள் அவளும் ஒருத்தி (மத் 27:56). இயேசுவின் வலப்புறத்தில் ஒருவனும் இடப்புறத்தில் ஒருவனுமாக இரு கள்வர்கள் சிலுவையில் அறையப்பட்டிருந்ததை அவள் அன்று கண்டாள். தன் மக்களுக்காகத் தான் கேட்ட இடங்கள் எவை என்பதை அப்பொழுது அவள் உணர்ந்திருப்பாள். ஆயினும் அவள் ஓடிப்போய்விடவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும். கேட்டது கிடைக்காதபோதும் அவள் இயேசுவை விட்டு விலகவில்லை. ஆசையோடு வந்த ஒரு தாயை ஆண்டவர் சிலுவை வரைக்கும் அழைத்து வந்திருக்கின்றார்.

அப்படியானால் விருப்பத்தையும் திருவுளத்தையும் எவ்வாறு இணைப்பது? கெத்சமனித் தோட்டத்தைவிடச் சிறந்த பள்ளி இதற்கு இல்லை. அங்கே இயேசு தம் விருப்பத்தை மறைக்கவில்லை. துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகலவேண்டும் என்று கேட்டார். ஒருமுறையல்ல, மீண்டும் மீண்டும் சென்று வேண்டினார். துயரமும் மனக்கலக்கமும் தம்மை ஆட்கொண்டிருப்பதைச் சீடரிடம் வெளிப்படையாகவே கூறினார். அதன் பின்னரே, தம் விருப்பம் அன்று, தந்தையின் விருப்பமே நிறைவேற வேண்டும் என்று தம்மைக் கையளித்தார். விருப்பத்தைச் சொல்லாமலே கையளிப்பது கீழ்ப்படிதல் போலத் தோன்றினாலும், அது பெரும்பாலும் சோர்வே. விருப்பத்தைச் சொல்லிவிட்டுக் கையளிக்க மறுப்பது பிடிவாதம். சொல்லுவதும் கையளிப்பதும் சேர்ந்ததே மகனுக்குரிய செபம். அந்தச் செபம் கேட்கப்பட்டது என்றே எபிரேயர் திருமுகம் கூறுகின்றது (எபி 5:7). கிண்ணமோ அகலவில்லை. கேட்கப்படுதல் என்பதும் கேட்டது கிடைத்தல் என்பதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே இன்னுமொன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நடப்பவை யாவும் இறைவன் விரும்பி நடப்பித்தவை அல்ல. மரணவீடுகளிலே, எல்லாம் கடவுள் சித்தம் என்று சொல்லுவது நம் வழக்கம். ஆறுதலாகச் சொல்லப்படும் அச்சொல் சிலவேளை கூரிய முள்ளாகிவிடுகின்றது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். தன் குழந்தையை அங்கே இழந்த ஒரு தாயிடம் இது கடவுளின் விருப்பம் என்று கூறத் துணிவோமா? 2009இல் முடிவுற்ற போரிலே காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தைக் கையிலேந்தி நிற்கும் தாயிடம் அவ்வாறு கூறலாமா? ஒழுக்கத் தீமைக்கு இறைவன் நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணர் அல்லர் என்பது 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் தெளிவான போதனை. மனிதரின் சுதந்திரத்தை மதிப்பதால் தீமையை அவர் அனுமதிக்கின்றார். அதிலிருந்தும் நன்மையை விளைவிக்க வல்லவராயிருக்கின்றார். அனுமதிப்பது வேறு, விரும்புவது வேறு.

சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்துபோன 18 பேர் மற்ற எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் அல்லர் என்று இயேசு அழுத்தமாகக் கூறினார் (லூக் 13:4-5). 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோன நம் உறவுகளைப் பற்றியும் அவ்வாறே சொல்லவேண்டும். அது அவர்களுக்கு விதிக்கப்பட்ட தண்டனை அன்று. சீதனம் கொடுக்க முடியாமல் திருமணம் தடைப்பட்ட பெண்ணிடம் இன்னும் கடவுளின் நேரம் வரவில்லை என்று கூறுவதும் இத்தகையதே. அங்கே தடையாக நிற்பது மனிதரின் பேராசை. மனிதர் திருத்தவேண்டியதைக் கடவுளின் தலையில் சுமத்திவிட்டுக் கைகட்டியிருப்பது பக்தியாகாது. தந்தையின் திருவுளம் நடந்தேற வேண்டும் என்று நாள்தோறும் மன்றாடுவதே, அது இன்னும் முழுமையாக நடந்தேறவில்லை என்பதற்குச் சான்று.

எந்த விருப்பம் இறைவனிடமிருந்து வருகின்றது, எது வரவில்லை என்பதைப் பகுத்தறிவது எப்படி என்று சிலர் கேட்கக்கூடும். புனித இஞ்ஞாசியாரின் வாழ்வு இதற்கு வழிகாட்டுகின்றது. 1521இல் பம்ப்லோனாப் போரிலே பீரங்கிக் குண்டினால் காலில் காயமடைந்து படுக்கையில் கிடந்த அவர், வீரர் கதைகளை வாசிக்க விரும்பினார். அவை கிடைக்காமையால் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதரின் வரலாறுகளையும் வாசித்தார். உயர்குலப் பெண்ணொருத்தியின் முன் வீரச்செயல் புரிவதாகக் கற்பனை செய்தபோது அவருக்கு இன்பமாகவே இருந்தது. ஆனால் பின்னர் உள்ளம் வறண்டுபோயிற்று. புனிதரைப்போல வாழ்வதாக எண்ணியபோதும் இன்பமாயிருந்தது. அந்த இன்பமோ எண்ணம் மறைந்த பின்னரும் நிலைத்து நின்றது. இந்த வேறுபாட்டை உணர்ந்ததே அவரது மனமாற்றத்தின் தொடக்கம். அவர் ஆசைகளைக் கொன்றுவிடவில்லை. அவை விட்டுச்செல்லும் தடத்தை உற்றுப் பார்த்தார்.

நல்ல ஆசையும்கூட நாம் எண்ணிய வழியில் நிறைவேறாமற் போகலாம் என்பதையும் அவரது வாழ்வு காட்டுகின்றது. எருசலேமிலே தங்கிப் பணிபுரிய அவர் ஏங்கினார். 1523இல் அங்கு சென்றபோது, அவ்விடத்துப் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ்கன் சபைத் தலைவர் அவரைத் திரும்பிப் போகுமாறு பணித்தார். 1534இல் பாரிஸ் நகரிலே தம் தோழர்களோடு மீண்டும் அதே வாக்குறுதியை எடுத்தார். 1537இல் வெனிசில் காத்திருந்தபோது புனித பூமிக்குக் கப்பல் புறப்படவில்லை. ஆகவே அவர்கள் திருத்தந்தையின் விருப்பத்திற்குத் தங்களைக் கையளித்தார்கள். அந்தத் தோழர்களுள் ஒருவரே புனித பிரான்சிஸ் சவேரியார். எருசலேம் செல்ல முடியாமற்போன அவர் 1542இல் கோவாவை வந்தடைந்து, முத்துக்குளித்துறைத் தமிழ் மக்களிடையே பணியாற்றினார். மன்னார் மக்கள் விடுத்த அழைப்பை ஏற்று ஒரு குருவை அங்கு அனுப்பிவைத்தவரும் அவரே. 1544இல் விசுவாசத்திற்காக உயிரீந்த மன்னார் மறைசாட்சிகளின் வரலாறு இவ்வாறே தொடங்கிற்று. வெனிசில் புறப்படாத அந்தக் கப்பலுக்கும் நமது விசுவாசத்திற்கும் தொடர்பு உண்டு.

நம் நாட்டின் திருத்தூதரான புனித யோசப் வாஸ் அடிகளாரும் காத்திருக்கக் கற்றவரே. ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரின் நிலையைக் கேள்வியுற்று, இங்கு வர அவர் பெரிதும் விரும்பினார். ஆனால் 1681இல் அவரது மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பினார்கள். தம் ஆசை தூயது என்பதற்காக அவர் அதிகாரத்தை மீறிப் புறப்பட்டுவிடவில்லை. கிடைத்த பணியை மனமுவந்து செய்தார். அந்த ஆசையைக் கைவிடவுமில்லை. 1687இல் கூலியாளின் கோலத்திலே யாழ்ப்பாணம் வந்துசேர்ந்தார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் இறக்கும்வரை இம்மக்களை விட்டுப் பிரியவில்லை. 2015 ஜனவரி 14ஆம் திகதி கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இறைவன் தந்த விருப்பம் காத்திருப்பதால் அழிந்துவிடாது. மற்றவரை மிதித்து முன்னேறவும் அதற்குத் தேவையில்லை.

இறுதியாக நமது நேர்த்திகளைப் பற்றி ஒரு வார்த்தை. மடு அன்னையின் திருத்தலத்திற்கும் அந்தோனியார் திருத்தலங்களுக்கும் நேர்த்தி வைத்துச் செல்வது நம் முன்னோர் விட்டுச்சென்ற அழகிய பக்தி முயற்சி. அதை எள்ளி நகையாடுவோரோடு நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அது இறைவனோடு செய்யும் வியாபார ஒப்பந்தமாகிவிடக்கூடாது. அன்னாவைப் பாருங்கள் (1 சாமு 1). பிள்ளை வேண்டும் என்று ஆண்டவரின் திருமுன் அழுது புலம்பி, தான் கேட்ட அந்தப் பிள்ளையையே ஆண்டவருக்குத் திருப்பித் தருவதாக அவள் பொருத்தனை செய்தாள். குரு ஏலியின் ஆசியைப் பெற்றுத் திரும்பியபோது அவள் உணவருந்தினாள். அவள் முகத்தில் அதன்பின் வாட்டம் இல்லை. அப்பொழுது அவள் இன்னும் கருத்தரிக்கவில்லை. விருப்பம் நிறைவேறுமுன்னரே அவளது துயரம் நீங்கிற்று. ஏனெனில் அதை யாரிடம் ஒப்படைத்தாளோ அவரை அவள் நம்பினாள். சாமுவேலை அவள் ஆலயத்தில் விட்டாள் என்பது உண்மையே. எனினும் பின்னொரு நாள் ஆண்டவர் தாமே அச்சிறுவனைப் பெயர்சொல்லி அழைத்தார். அவனே பதில் கூறினான். தாயின் நேர்த்தி பிள்ளையின் பதிலுக்கு ஈடாகிவிடவில்லை.

எனவே, அன்புக்குரிய பெற்றோரே, இவ்வாரம் உங்கள் குடும்பச் செபம் முடிந்ததும் ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் விண்ணப்பங்களைச் சொல்வதற்கு முன்பாக, பிள்ளைகளை நோக்கி ஆண்டவர் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். மகனே, மகளே, நாங்கள் உனக்கு என்ன செய்யவேண்டும் என்று விரும்புகின்றாய் என்று கேட்டுவிட்டு, குறுக்கிடாமல் செவிமடுங்கள். பிள்ளை சொல்வது உங்களுக்குப் பிடிக்காமலிருக்கலாம், பக்குவமற்றதாகவும் இருக்கலாம். செபதேயுவின் மக்கள் கேட்டதும் பக்குவமற்றதே. இயேசு அவர்களை அருகில் வைத்துக்கொண்டு பேசினார். நீங்களும் அவ்வாறே பேசுங்கள். பின்னர் உங்கள் விருப்பத்தையும் பிள்ளையின் விருப்பத்தையும் சேர்த்து ஒரே மன்றாட்டாகத் தந்தையின் முன் வைத்து, அவரது திருவுளத்தை அறியும் வரத்தைக் கேளுங்கள். கெத்சமனியில் வியர்வை சிந்திச் செபித்த நம் ஆண்டவர் அந்த மன்றாட்டில் நம்மோடு முழந்தாளிடுவாராக.